காசு கொடுத்தால் கதவு பூட்டிக்கொள்ளாது

“ஆபீஸ் மெஷினை வெளியிலிருந்து திறக்க இலவச மென்பொருளா? காசு கொடுத்து வாங்கினால்தான் பாதுகாப்பு.” லினக்ஸ் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் பேச்சு எழுந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள், மற்றவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட. சந்தா கட்டிய கையோடு எச்சரிக்கையையும் கழற்றி வைக்கச் சொல்லித்தருகிறது.

2006-ல், திரையைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரியல்விஎன்சி மென்பொருளில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. இணைப்பு தொடங்கும்போது சர்வர், “இன்னின்ன முறையில் உன்னைச் சரிபார்ப்பேன்” என்று ஒரு பட்டியல் நீட்டும். எதிர்முனை அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பட்டியலிலேயே இல்லாத ‘சரிபார்ப்பே வேண்டாம்’ என்ற முறையைக் கேட்டாலும் சர்வர் உள்ளே விட்டுவிட்டது. கடவுச்சொல் எத்தனை கடினமாக இருந்தும் பயனில்லை. இலவசப் பதிப்போடு நிற்கவில்லை அந்த ஓட்டை. காசுக்கு விற்ற பதிப்புகளுக்கும் சேர்த்தே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில், இதே வேலைக்கு மென்பொருள் தரும் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் அந்நியர் புகுந்ததை அறிவித்து, சான்றிதழ்களை ரத்து செய்தது. இணையதளக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஜூனில் அதே துறையைச் சேர்ந்த டீம்வியூவரின் அலுவலக வலையமைப்பில் ஊடுருவல். வாடிக்கையாளர் தரவுக்குப் பாதிப்பில்லை என்றது நிறுவனம். அதை நம்ப மறுக்க என்னிடம் காரணம் இல்லை. நான் கேட்பது வேறு. நம் வீட்டுச் சாவிக்கொத்து இன்னொருவர் கட்டடத்தில் தொங்குகிறது என்பதையாவது தெரிந்துகொண்டுதான் பணம் கட்டுகிறோமா?

இலவசம் என்பதாலேயே நல்லது என்றும் நான் சொல்லவரவில்லை. பழைய விஎன்சி கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். 12 எழுத்தில் கடவுச்சொல் வைத்துவிட்டு, எட்டை மட்டும் தட்டிப் பாருங்கள், திறந்துகொள்ளும். அதை நம்பி, விஎன்சி பயன்படுத்தும் 5900-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைப்பவரை எந்த உரிமமும் காப்பாற்றாது. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற மென்பொருள்’ வேறு என்பதையும் நாம் போட்டுக் குழப்புகிறோம். லாக்மீஇன் நிறுவனம் 2014 ஜனவரியில் தன் இலவசத் தொலை இயக்கச் சேவையை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. மூலநிரல் கையில் இருக்கும் டைகர்விஎன்சியை அப்படி யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

பூட்டுவது கடினமும் இல்லை. டைகர்விஎன்சி அந்த மெஷினுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமையுங்கள். வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பைக் கொண்டு நுழையுங்கள். ரவுட்டருக்குப் பின்னால் சிக்கியிருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன் இருக்கிறது; 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

“கோளாறு வந்தால் கேட்க ஆள் வேண்டாமா?” என்பார்கள். நான் பார்த்துக்கொடுக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார்கள். உபுண்டுவைப் புதுப்பித்த மறுநாள் காலை வெளியூரிலிருந்து இணைத்தால் கறுப்புத் திரை, அதில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. சேவைப் பிரிவுக்கு எழுதினார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது: லாகின் திரையில் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸார்க்குக்கு மாறுங்கள். திரையைக் கையாள, எக்ஸ் எனப்படும் எக்ஸார்க்குக்குப் பதில் உபுண்டு 21.04-லிருந்து வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. பழைய எக்ஸில் எந்த நிரலும் முழுத் திரையையும் படித்துவிடலாம். வேலண்டில் அனுமதி கேட்டுத்தான் எடுக்க முடியும். அதற்கேற்ப எழுதாத மென்பொருள் என்ன விலையானாலும் கறுப்பைத்தான் காட்டும். க்னோம் டெஸ்க்டாப்போ 2024 மார்ச்சில் வந்த 46-ஆம் பதிப்பிலேயே தொலைவிலிருந்து லாகின் செய்யும் வசதியைக் காசு வாங்காமல் தந்துவிட்டது.

ஐம்பது கிளைகளின் மெஷின்களை ஒரே பலகையிலிருந்து பார்க்க வேண்டும், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு வேண்டும் என்றால் காசு கொடுங்கள். அது வசதிக்கான விலை, நியாயமான விலை. பாதுகாப்புக்கான ரசீதாக மட்டும் அதை ஃபைலில் போட்டு வைக்காதீர்கள்.

அடுத்த சந்தாவைப் புதுப்பிக்கும் முன் அந்த மெஷினில் திறந்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். விஎன்சியின் 5900, 5901, ஆர்டிபியின் 3389 ஆகிய எண்களுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் உள்ளிருப்பவருக்கு மட்டும் திறந்த கதவு. 0.0.0.0 என்று இருந்தால், ஃபயர்வால் என்ன செய்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.