தோட்டத்துப் பொதுச் சொத்து எவருக்கு உரியது?

ஹாலிஎலயைச் சூழவுள்ள தோட்டங்களில் பூட்டிக் கிடக்கும் களஞ்சியமும், ஆளற்ற உத்தியோகத்தர் விடுதியும், கொழுந்து பறிக்கப்படாமல் காடாகிப்போன தேயிலை மலையும் புதிய காட்சிகளல்ல. அவற்றின் அருகிலேயே வாசிகசாலைக்கு இடமில்லை, மையவாடிக்கு இடமில்லை, வீடு கட்டக் காணியில்லை என்ற குரலும் நெடுங்காலமாக ஒலித்து வருகின்றது. பயன்பாடற்ற சொத்தும் அதற்கான தேவையும் ஒரே மலையில் இருந்தும் இரண்டும் சந்திப்பதில்லை. இதற்கான காரணம் சட்டத்திலும் நிர்வாகத்திலும் தேடப்பட வேண்டியதாகும்.

இச்சொத்துகளின் உண்மையான உரிமையாளர் அரசே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கம்பனிகள் பெற்றிருப்பது 53 ஆண்டுக் குத்தகையையே அன்றி உரித்தை அல்ல. அக்குத்தகை 2045இல் முடிவடையும். எனினும் நடைமுறையில், தோட்டத்தில் ஒரு பாழடைந்த கட்டடத்தைப் பாலர் பாடசாலையாக்க விரும்புவோர் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்துக்கும் கொழும்பிலுள்ள அமைச்சின் அனுமதிக்கும் இடையே அலைய நேரிடுகின்றது.

மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் பிரதேச சபையோ இவ்விடயத்தில் வெறும் பார்வையாளராகவே நிற்கின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நீண்டகாலம் கருதப்பட்டது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அத்தடையை நீக்கியது. அது வரவேற்கப்பட வேண்டிய மாற்றமே. ஆனால் செலவிடும் அதிகாரம் வேறு, இடத்தைப் பெறும் அதிகாரம் வேறு. காணியும் கட்டடமும் கையில் இல்லாத சபை, கையில் பணமிருந்தாலும் எதை, எங்கே கட்டும்?

இது வசதி பற்றிய பிரச்சினை மட்டுமன்று, உயிர் பற்றிய பிரச்சினையுமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பை மண்சரிவு மூடியது. ஆபத்து குறித்து முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 'எழுந்து செல்லுங்கள்' என்று கூறப்பட்டதேயன்றி, சென்று குடியேறுவதற்கு ஓர் இடம் உரிய காலத்தில் ஒதுக்கப்படவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு நெடுநாள் தங்குமிடமானது பூனாகலைப் பகுதியில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையாகும். பயனற்றதென விடப்பட்ட கட்டடம் அனர்த்தத்தின் பின் பயன்பட்டது. அத்தகைய சொத்துகள் அனர்த்தத்தின் முன்பே கணக்கெடுக்கப்பட்டால் பயன் இன்னும் பெரிதாக இருக்குமல்லவா? 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் மண்சரிவுகளால் உலுக்கியபோது இதே கேள்வியே எழுந்தது.

அரசின் உபரிச் சொத்து எவருக்கு முதலில் செல்ல வேண்டும் என்ற விவாதம் பிற நாடுகளிலும் நடந்துள்ளது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இராணுவத்துக்குத் தேவையற்றதாகிப்போன லோட்டன் கோட்டை நிலத்தில் 1970இல் பூர்வகுடி மக்கள் உரிமை கோரிப் புகுந்தனர். பலர் கைது செய்யப்பட்டனர். இறுதியில் பேச்சுவார்த்தை மூலம் 20 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கு எழுந்த பண்பாட்டு நிலையம் 1977இல் திறக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டின் சுயநிர்ணயச் சட்டம், மத்திய அரசின் மிகை, உபரிச் சொத்துகளைப் பழங்குடி அமைப்புகளுக்கு வழங்க இடமளித்தது. மலையக மக்கள் பழங்குடியினர் அல்லர். அவர்களது வரலாறு வேறு. ஆயினும், பயன்படாத அரச சொத்தின் மீது அதன் அருகே வாழும் சமூகத்துக்கு முன்னுரிமை உண்டு என்ற கோட்பாடு இங்கும் பொருந்தும்.

அதற்கான வழிமுறை கடினமானதன்று. முதலாவதாக, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் தோட்டங்களிலுள்ள பயன்படாத கட்டடங்கள், பயிரிடப்படாத காணிகள் ஆகியவற்றின் பதிவேடு தயாரிக்கப்பட்டு மும்மொழிகளிலும் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அவற்றை வேறெவருக்கும் வழங்குமுன் பிரதேச சபையிடம் கேட்கப்பட வேண்டும். மூன்றாவதாக, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பாதுகாப்புச் சான்றின்றி எந்த இடமும் குடியிருப்புக்கு விடப்படலாகாது. நான்காவதாக, பொதுப் பயன்பாட்டுக்கெனப் பெறப்படும் சொத்து விற்கப்படவோ அரசியல் செல்வாக்குள்ளோருக்குக் கைமாறவோ இடமிருக்கக் கூடாது.

கம்பனிகள், காணி துண்டாடப்பட்டால் உற்பத்தி பாதிக்கப்படும் என வாதிடக்கூடும். விளைச்சல் தரும் மலைகளைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் நியாயமுண்டு. விளைச்சலே இல்லாத நிலத்துக்கும் கூரை இடிந்த கட்டடத்துக்கும் அது பொருந்தாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தேயிலைத் தொழில் அழிந்துவிடவில்லை. மாறாக, ஒரு தலைமுறை படித்து வெளிவந்தது.

ஹாலிஎலயில் தோட்டத் தமிழரும் நகர்ப்புற முஸ்லிம்களும் அயற்கிராமச் சிங்களவரும் ஒரே பிரதேச சபைக்கே வாக்களிக்கின்றனர். திறக்கப்படும் ஒரு வாசிகசாலையோ மருந்தகமோ விளையாட்டு மைதானமோ மூவருக்கும் பயன்படும். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளின்றி இருந்த சபைகள் இப்போது மீண்டும் இயங்குகின்றன. புதிய உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி முதலில் நிறைவேற்றக்கூடிய தீர்மானம் இப்பதிவேட்டைக் கோருவதே. 2045இல் குத்தகை முடியும்போது இக்காணி எவரிடம் செல்லும் என்பது பெரிய கேள்வி. அதற்கு விடை காணும் மேசையில் மலையக மக்கள் இடம்பெற வேண்டுமாயின், இன்று பூட்டிக் கிடக்கும் ஒரு களஞ்சியத்தின் திறப்பைக் கேட்பதிலிருந்தே அது தொடங்க வேண்டும்.