காக்க வந்த படையே கூட்டமானால்... நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

கொரோனா காலத்தில் பல குடும்பங்களைக் குழப்பிய விஷயம் இது. முதல் சில நாள்கள் காய்ச்சலும் இருமலும்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து, 'சரியாகிவிட்டது' என்று நினைக்கும்போது சிலருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வைரஸ் குறையும் நேரத்தில் மூச்சு ஏன் திணற வேண்டும்?

விடை, நம் நோய் எதிர்ப்புப் படையிடம் இருக்கிறது.

நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப் பைகள் உள்ளன. அங்கே காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதைத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது.

இந்தப் பைகளுக்கு 24 மணி நேரக் காவலாளி, 'மேக்ரோபேஜ்' என்ற செல். தூசி, கிருமி எது வந்தாலும் விழுங்கிவிடும். தன்னால் சமாளிக்க முடியாவிட்டால், 'சைட்டோகைன்' எனும் ரசாயனங்களை அனுப்பி உதவிக்கு ஆள் கூப்பிடும். உடனே பக்கத்து ரத்தக்குழாய்களின் உள்சுவர் பிசுபிசுப்பாகும். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 'நியூட்ரோபில்' வெள்ளையணுக்கள் அங்கே ஒட்டி நின்று, இடுக்கு வழியே காற்றுப் பைக்குள் நுழையும். அடுத்த சில நாள்களில் 'டி செல்'களும் வந்து சேரும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படை வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். இறந்த செல்களை மேக்ரோபேஜ்களே சுத்தம் செய்யும்.

அழைப்பு நிற்காவிட்டால்தான் ஆபத்து. கிருமியைக் கொல்ல நியூட்ரோபில்கள் கொட்டும் ரசாயனம், அந்த மெல்லிய சுவரையும் அரிக்கும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய பை நிறைந்துவிடும். 'ஏ.ஆர்.டி.எஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் கடுமையான மூச்சுத்திணறல் இதுதான். 1967-லேயே இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதப்பட்டது.

ஸ்டீராய்டு எப்போது உதவும்?

2020 ஜூனில் இங்கிலாந்தின் 'ரெக்கவரி' ஆய்வு முக்கியமான விடை தந்தது. 'டெக்ஸாமெத்தசோன்' என்ற விலை மலிவான ஸ்டீராய்டு, இந்தப் படையின் வேகத்தைக் குறைக்கும். வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

காரணம் எளிது. ஆரம்ப நாள்களில் வைரஸோடு சண்டை போட அந்தப் படை தேவை. அப்போதே அதை அடக்கினால், கிருமிக்குத்தான் வசதி. 2021-ல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, கட்டுப்படாத சர்க்கரையோடு தேவையற்ற ஸ்டீராய்டும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* காய்ச்சல், இருமலுக்குப் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்காதீர்கள்.
* ஆஸ்துமா போன்றவற்றுக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.
* ஒரு முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* மூச்சு விடும்போது குழந்தையின் விலா உள்ளிழுத்தால் காத்திருக்கவே வேண்டாம்.

காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு, மூன்று நாள்கள் மூச்சின் மீது ஒரு கண் இருக்கட்டும்!