நாகை யாருடைய கோட்டை?

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே தொலைக்காட்சியில் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியின் பெயர் வந்தால், கூடவே ‘சிவப்புக் கோட்டை’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தொகுதி அறிமுகம் எழுதும் நிருபர் அதை எழுதுகிறார், விவாத மேடையில் உட்காரும் ஆய்வாளர் அதைச் சொல்கிறார், தோழர்களும் அதை மறுப்பதில்லை. கீழ்வெண்மணி, விவசாயச் சங்கத் தலைவர்கள் பி. சீனிவாசராவ், களப்பால் குப்பு, கம்யூனிஸ்ட் எம்.பி.யாக இருந்த எம். செல்வராசு என நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டால் தொகுதியைப் பற்றிப் பேச வேண்டியது அவ்வளவுதான் என்று ஒரு நினைப்பு. 2019இலும் 2024இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது அந்த நினைப்புக்குத் தெம்பு கூட்டியிருக்கிறது.

இந்தப் பேச்சை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று நான்கு வாதங்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூடத் தேர்தல் கணக்கின் முன் முழுசாக நிற்பதில்லை.

‘கம்யூனிஸ்டுகளையே திரும்பத் திரும்ப அனுப்பும் தொகுதி’ என்பதுதான் முதலாவது. 1957 முதல் 2024 வரை இங்கே 17 பொதுத் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. இந்தியக் கம்யூனிஸ்ட் வென்றவை ஏழு: 1971, 1977, 1989, 1996, 1998, 2019, 2024. இவை போக 1979 இடைத்தேர்தல். 1977இல் வென்ற எஸ்.ஜி. முருகையன் பதவியில் இருக்கும்போதே 1979 ஜனவரியில் கொல்லப்பட, அந்த இடத்துக்கு அதே கட்சியின் கே. முருகையன் வந்தார். மீதிப் பத்தும் திமுக, காங்கிரஸ், அதிமுக ஆகிய மூன்றுக்கும் பிரிந்து போனவை. எந்தத் தனிக் கட்சியை எடுத்தாலும் கம்யூனிஸ்டுக்குத்தான் எண்ணிக்கை கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட முறை வேறு கொடி பறந்த இடத்தைக் கோட்டை என்று யாரும் சொல்வதில்லை. 1999 முதல் 2019 வரை, இருபது ஆண்டுகள், நாகையிலிருந்து ஒரு கம்யூனிஸ்ட்கூட மக்களவைக்குப் போகவில்லை. அதில் பதினைந்து ஆண்டுகள் திமுகவின் ஏ.கே.எஸ். விஜயன், பிறகு ஐந்தாண்டு அதிமுகவின் கே. கோபால்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, அந்த ஏழு வெற்றிகளும் எப்படி வந்தன என்பது. 1971இல் திமுக–இந்திரா காங்கிரஸ் அணி. 1977இல் எம்.ஜி.ஆர்–காங்கிரஸ் அணி. 1989, 1996, 1998, 2019, 2024 ஐந்திலும் திமுக அணி. பெரிய கட்சி ஒன்றின் துணையில்லாமல் கதிர் அரிவாள் இங்கே வென்ற தேர்தல் ஒன்றுகூட இல்லை.

1998க்கும் 1999க்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். 1998 தொடக்கத்தில் செல்வராசுவை அனுப்பிய அதே மக்கள், அடுத்த ஆண்டு இறுதிக்குள் உதயசூரியனில் நின்ற விஜயனை அனுப்பினார்கள். இடையில் வயல் மாறவில்லை, கூலி மாறவில்லை, தெருவில் நட்ட கொடிக்கம்பமும் மாறவில்லை. மாறியது கூட்டணிதான். திமுக பாஜகவோடு போனது, இடதுசாரிகள் அதிமுக பக்கம் போனார்கள்.

2004 இன்னும் சுவாரஸ்யம். அந்த முறை இந்தியக் கம்யூனிஸ்ட் திமுக அணிக்குள்தான் இருந்தது. கோட்டை என்றால் அந்தக் கட்சி முதலில் கேட்டு வாங்க வேண்டியது நாகை. ஆனால் திமுக நாகையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. தோழர்களுக்குக் கிடைத்தவை கோயம்புத்தூரும் தென்காசியும். இரண்டிலும் வென்றார்கள். ஆலைத் தொழிலாளர் ஊரான கோவையை எப்படியாவது விளக்கிவிடலாம். தென்காசியை யாராவது சிவப்புக் கோட்டை என்று எழுதினார்களா? 2009இல் அதிமுக துணையோடு செல்வராசு நாகையில் நின்றார். விஜயனிடம் ஏறக்குறைய 48 ஆயிரம் வாக்கில் தோற்றார்.

பிறகு 2014. பெரிய கட்சி எதுவும் கூட இல்லாமல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் மட்டும் சேர்ந்து நின்ற தேர்தல் அது. நாகையில் ஜி. பழனிச்சாமி வேட்பாளர். திருத்துறைப்பூண்டியில் பல முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், கிராமம் கிராமமாக முகம் தெரிந்தவர். இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. கிடைத்தது சுமார் 90 ஆயிரம் வாக்கு. டெபாசிட் போனது. கோபால் 4.34 லட்சம், விஜயன் 3.28 லட்சம். கோட்டைக்குள் நேரான கணக்கெடுப்பு ஒன்று நடந்தது என்றால் அது இந்தத் தேர்தல்தான். ‘சிவப்புக் கோட்டை’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் ஏனோ எழுதுவதில்லை.

அடுத்தது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர் இந்தத் தொகுதிக்குள் இருக்கிறது. அந்த நெருப்புதான் இன்றும் வாக்காக விழுகிறது என்பது வாதம். படிக்க உருக்கமாக இருக்கும். ஆனால் வெண்மணியில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்களின் சங்கம் மார்க்சிஸ்ட் கட்சியினுடையது. ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் அங்கே செவ்வணக்கம் செலுத்தத் திரள்வதும் அந்தக் கட்சிதான். நாகையிலிருந்து மக்களவைக்குப் போன கம்யூனிஸ்டுகளோ அத்தனை பேரும் இந்தியக் கம்யூனிஸ்ட். அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தில் நின்ற ஒருவர்கூட இங்கிருந்து மக்களவைக்குப் போனதில்லை.

வெண்மணிக்குப் பிறகு வந்த முதல் மக்களவைத் தேர்தல் 1971. தீயின் சூடு ஆறாத நேரம். அப்போது மார்க்சிஸ்ட் கட்சி திமுக அணிக்கு வெளியே நின்றது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு மக்களவை இடம்கூடக் கிடைக்கவில்லை. வெண்மணி எரிந்தபோது ஆட்சியில் இருந்த திமுகவோடு கைகோத்து நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் நாகையில் வென்றது. எம். காத்தமுத்து போனார். கொலையின் வடு வாக்குச் சீட்டில் நேராகப் பதிந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்க வழியில்லை.

‘கூலித் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி, ஆகவே சிவப்பு’ என்பது மூன்றாவது. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1940களில் சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டியதும், பண்ணையார்கள் தண்டனையாகத் தந்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்ததும், பண்ணையாள் நிமிர்ந்து நின்று பேசியதும் இந்த மண்ணின் பெரிய கதை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சங்கம் எழுப்பிய கோரிக்கைகளைச் சட்டமாக்கிய கை வேறு கை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல், ராஜாஜி ஆட்சியில். வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை குழு உட்கார்ந்து, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம். இரண்டும் திமுக ஆட்சியில். பண்ணையார் நினைத்தால் இரவோடு இரவாகக் குடிசையைப் பிரித்துப் போடலாம் என்றிருந்தவருக்குத் தன் பெயரில் மனைப்பட்டா கைக்கு வருவது சின்ன விஷயமா? போராடியவர் நினைவில் நிற்பது போலவே, பட்டா கொடுத்தவரும் நினைவில் நிற்பார்.

கீழ்வேளூர் பக்கம் ஏதாவது ஒரு தொழிலாளர் தெருவுக்குள் நுழைந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். தெருமுனையில் சங்கக் கொடிக்கம்பம், அடியில் சிவப்பு வண்ணம் பூசிய மேடை, அதில் தியாகிகள் பெயர். நாலு வீடு தள்ளித் திண்ணைச் சுவரில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர். படம். கூலித் தகராறு வந்தால் சங்கத் தலைவரைத் தேடிப் போகிற ஆள், ஓட்டுப் போடுகிற அன்று இரட்டை இலையைத் தேடுவதில் எந்த முரண்பாட்டையும் பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கொடிக்கம்பத்தையும் வாக்குப் பெட்டியையும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம்.

தொகுதியும் ஒரே மாதிரி வயற்காடு அல்ல. நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், ஆறுகாட்டுத்துறை மீனவருக்குப் படகும் டீசல் மானியமும் இலங்கைக் கடற்படையும்தான் அரசியல். நாகூரில் தர்கா, வேளாங்கண்ணியில் மாதா கோயில், இரண்டையும் சுற்றி வேறு வேறு வாக்காளர்கள். வேதாரண்யத்தில் உப்பளம், மாந்தோப்பு, தென்னை. கலைஞர் பிறந்த திருக்குவளை இதற்குள்தான். கடைசிக் காலத்தில் 2011இலும் 2016இலும் அவர் வென்ற திருவாரூரும் இதற்குள்தான்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஆறும் எப்படிப் பிரிந்தன? திருவாரூர் திமுகவுக்கு. நாகப்பட்டினத்தில் விடுதலைச் சிறுத்தைகளின் ஆளூர் ஷாநவாஸ். வேதாரண்யத்தில் ஓ.எஸ். மணியன், நன்னிலத்தில் ஆர். காமராஜ், இருவரும் அதிமுக. கீழ்வேளூரில் மார்க்சிஸ்டின் நாகை மாலி, திருத்துறைப்பூண்டியில் இந்தியக் கம்யூனிஸ்டின் க. மாரிமுத்து. ஆறில் இரண்டு, அவையும் தனித் தொகுதிகள், அவையும் திமுக அணியில். மணியன் வெற்றியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைத்தான் முதலில் மிதித்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. அமைச்சராக ஊருக்குள் வந்த மணியன் மக்களின் கோபத்துக்கு நேருக்கு நேர் ஆளானார். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அதிமுக இத்தொகுதியில் படுதோல்வி. அந்தக் கோபத்தையும் சிவப்பு வாக்கு என்று சிலர் கணக்கெழுதினார்கள். இரண்டே ஆண்டில் வேதாரண்யம் மணியனையே மறுபடி தேர்ந்தெடுத்தது.

கோட்டை என்று ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும் என்றால், அது திருத்துறைப்பூண்டி. 1970களிலிருந்து 2011 வரை கதிர் அரிவாளை விடாமல் வைத்திருந்த சட்டமன்றத் தொகுதி. 2016இல் மக்கள் நலக் கூட்டணி என்று தனியாகப் போனபோது அதுவும் திமுகவிடம் போனது. அந்த ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் ஒருவர்கூட இல்லை.

இவ்வளவும் சொன்னால், மறுபக்கத்துக்காரர்கள் உடனே துள்ளிக்கொண்டு வருவார்கள்: ‘அப்படியானால் நாகை திமுக போட்ட பிச்சைதானே?’ 2019 தேர்தலுக்காக இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்தில் கணக்குக் காட்டிய பிறகு இந்தப் பேச்சுக்குச் சத்தம் கூடிவிட்டது. இதுவும் தவறு, இதை மறுப்பதற்கு ஒரே ஒரு தேர்தல் போதும். 1989 மக்களவைத் தேர்தலில் அதிமுக–காங்கிரஸ் அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38ஐ வாரிக்கொண்டு போனது. ஆட்சியில் இருந்த திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. தப்பிய அந்த ஒரே இடம் நாகப்பட்டினம், வென்றவர் செல்வராசு. தஞ்சைத் தரணி முழுக்கத் திமுக வாக்கு இருந்தது; அது மட்டும் போதுமென்றால் பக்கத்துத் தஞ்சாவூரும் தப்பியிருக்க வேண்டும். 1998இலும் அதே கதை. அதிமுக அணி 30 இடங்களை எடுத்த தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்டுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே இடம் இது. சங்கம் கட்டிவைத்த அந்த 90 ஆயிரம் சொச்சம், சும்மா நின்றால் டெபாசிட் வாங்காது. பெரிய கட்சியோடு சேர்ந்தால் மாநிலமே எதிராக அடிக்கும் அலையிலும் கவிழாது. திமுக வேட்பாளரை நிறுத்தினால் இந்த வாக்கு அப்படியே வருமா என்பது அறிவாலயத்துக்குத் தெரிந்த கணக்கு. தானம் செய்கிறவர்கள் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தச் சொச்சமும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. 2024 முடிவைத் ‘தொடரும் சிவப்பு’ என்று எழுதியவர்கள், வை. செல்வராஜ் பெற்ற 4.65 லட்சத்தையும் அதிமுகவின் 2.56 லட்சத்தையும் பார்த்தார்கள். அதற்குக் கீழே பார்க்கவில்லை. மூன்றாமிடத்தில் நாம் தமிழர், 1.31 லட்சம். நான்காமிடத்தில் பாஜக. அதன் வேட்பாளர் எஸ்.ஜி.எம். ரமேஷ், 1979இல் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் எம்.பி. முருகையனின் மகன். தாமரைச் சின்னத்தில் அவர் வாங்கியது 1.02 லட்சம். பத்தாண்டுக்கு முன் கதிர் அரிவாள் தனியாக நின்று வாங்கியதைவிட அது கூடுதல். அதில் பாமக, அமமுக வாக்குகளும் கலந்திருக்கின்றன. தாமரைக்கும் அங்கே கூட்டணிக் கணக்குதான்.