பங்குக்குத் திரும்புவோரும் சேருவோரும்

கத்தோலிக்கர் தம் கோவிலைச் சார்ந்த சமூகத்தைப் ‘பங்கு’ என்பர். கரையோர ஊர்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வழக்கில் உண்டு. கரை சேர்ந்த மீனை வள்ளத்துக்குரியவரும் வலைக்குரியவரும் கூடத் தொழில் செய்தவர்களும் பிரித்துக்கொள்ளும்போது ஒவ்வொருவருக்கும் சேர்வது அவரவர் பங்கு. முதற் பங்கு ஞானஸ்நானத்தால் வருவது. இரண்டாவது பங்கு உழைப்பால் வருவது. போரினால் ஊரைவிட்டு எழும்பிய கத்தோலிக்க மக்களின் வாழ்விலோ இவ்விரண்டும் பிரிக்க முடியாதவாறு பின்னிக் கிடக்கின்றன. கால் நூற்றாண்டுக்குப் பின்னர் ஊருக்குப் போக வழி திறந்தது. ஆனால் அவர்கள் தங்கள் பழைய பங்குக்கு மெய்யாகவே திரும்பிவிட்டார்களா? திரும்புதல் என்பது எப்போது நிறைவு பெறுகிறது? இவ்வினா கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. ஊரிழந்து ஊர் தேடும் எவருக்கும் உரியது.

இரணைதீவின் கதை

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அருகருகே கிடப்பவை பெரியதீவு, சின்னத்தீவு என்னும் இரு தீவுகள். இரட்டையை ‘இரணை’ என்பது நம் வழக்காதலின் இரண்டும் சேர்ந்து இரணைதீவு ஆயின. மீன்பிடித்தும் நண்டு பிடித்தும் கடலட்டை பொறுக்கியும் ஆடுமாடு வளர்த்தும் அங்கு வாழ்ந்த மக்களுக்குச் செபமாலை மாதா கோவிலே நடுவாக விளங்கிற்று. 1992ஆம் ஆண்டில் போர் அவர்களைப் பெருநிலத்துக்குத் துரத்தியது. முழங்காவிலை அடுத்து அவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்பு இரணைமாதாநகர் எனப் பெயர் பெற்றது. விட்டுவந்த தீவையும் மாதாவையும் அவர்கள் பெயரளவிலேனும் தம்மோடு கொண்டுவந்தனர்.

2009இல் போர் முடிந்தது. தீவுக்கான வழி திறக்கவில்லை. கடற்படை அங்கு நிலைகொண்டிருந்தது. 2017 மே மாதம் முதலாந் திகதி மக்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தும் விடை கிடையாமையால், 2018 ஏப்பிரல் 23ஆந் திகதி நாற்பதளவான படகுகளில் வெள்ளைக் கொடிகளுடன் தாமே புறப்பட்டுச் சென்று தீவில் இறங்கினர். இறங்கியதும் அவர்கள் போய் நின்ற இடம் கோவில். அடுத்த மாதமே அவர்கள் அங்கு தங்குவதற்கு அதிகாரிகள் இணங்கினர்.

இவ்வளவும் நாளேடுகளில் வந்த செய்தி. செய்தி முடிந்த இடத்திலிருந்தே நமது ஆராய்ச்சி தொடங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பங்கு என்பதைத் திருச்சபை எவ்வாறு கருதுகிறது என்பதை முதலில் நோக்குவோம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கை முதலாவதாக ஒரு விசுவாசிகள் சமூகம் என்றே வரையறுக்கிறது. அச்சமூகம் பொதுவாக ஒரு நிலப்பரப்பால் எல்லை வகுக்கப்பட்டிருக்கும் என்பது அதன் பின்னரே சொல்லப்படுகிறது. ஓரிடத்தில் நிலையாக வாழும் கருத்துடன் குடியேறினாலும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தாலும் அவ்விடம் ஒருவரின் வாசஸ்தலமாகிறது. அதனால் அவ்விடத்துப் பங்கும் அவருடையதாகிறது. இக்கணக்கின்படி இரணைதீவு மக்கள் 1997ஆம் ஆண்டளவிலேயே பெருநிலத்துப் பங்கினர் ஆகிவிட்டனர்.

ஆயின் அதே தொகுப்பின் 106ஆம் சட்டம் மற்றொன்றைக் கூறுகிறது. திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்துடன் ஓரிடத்தை நீங்குபவரே அவ்விடத்து வாசஸ்தலத்தை இழக்கிறார். வெளியேறுதல் மட்டும் போதாது. திரும்பாத எண்ணமும் கூடவேண்டும். இவ்விதி போரை நினைந்து எழுதப்பட்டதன்று. எனினும் அகதியாய் அலைந்த மக்களுக்கு இதைவிட ஆறுதலான வாக்கியம் எந்தச் சட்ட நூலிலும் கிடைப்பது அரிது. துரத்தப்பட்டவன் திரும்பும் எண்ணத்தைக் கைவிடாதவரை அவனது பங்கு அவனுடையதே. ஆகவே ஒரே மனிதர் ஒரே காலத்தில் இரு பங்குகளுக்கு உரியவராக இருக்க முடிகிறது. இரணைதீவாருக்கு உறவும் இரணையாகவே அமைந்துவிட்டது.

பிறந்த பங்கின் ஞானஸ்நானப் பதிவேடும் இதற்குத் துணை நிற்கிறது. ஒருவர் எங்கே விவாகம் செய்தாலும் எங்கே குருத்துவம் பெற்றாலும் அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்கப்பட்டு அப்பதிவேட்டிற் குறிக்கப்படவேண்டும். பதிவேடே அழிந்துபோனாற் செய்வதென்ன? மற்றெவருக்கும் பாதகம் நேராதவிடத்து, நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்கே ஞானஸ்நானத்தை நிரூபிக்கப் போதுமானது. எரிந்த ஏட்டுக்குப் பதிலாக ஒரு மூதாட்டியின் ஞாபகத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இரு தலைமுறைகள்

எண்ணம் பங்கைக் காக்கும் என்றால், அவ்வெண்ணம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. 1992இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறிய குழந்தை, 2018இல் தானே பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ ஆகியிருக்கும். அந்த ஆண்டிற் பெருநிலத்திற் பிறந்த குழந்தையோ இருபத்தாறு வயதை எட்டியிருக்கும். அவர் முதல் நற்கருணை பெற்ற கோவிலும் படித்த பள்ளிக்கூடமும் தோழரும் தோழியரும் பெருநிலத்திலேயே உள்ளனர். தீவு அவருக்குப் பேத்தியார் சொன்ன கதை. மூத்தோருக்குத் ‘திரும்புதல்’ எனப்படுவது, இளையோருக்குப் புதியதோர் இடத்திற் ‘சேருதல்’ ஆகிறது. திரும்புவோனுக்கு நினைவு துணை. சேருவோனுக்கு வாழ்வதற்கான நியாயம் வேண்டும்.

இவ்வேறுபாட்டை உணராமற் பேசுவோர் இளைஞரைக் குறை கூறுகின்றனர். ஊர்ப்பற்று இல்லை என்கின்றனர். இது நீதியன்று. மருத்துவரும் பள்ளிக்கூடமும் மறுகரையில் இருக்க, கடல் கொந்தளிக்கும் பருவத்திற் பிள்ளையுடன் தீவில் இருக்கத் தயங்கும் தாயைப் பற்றற்றவள் என்று எவர் சொல்ல வல்லார்? 2018க்குப் பின்னர் பல குடும்பங்கள் இரு கரைகளிலும் கால்வைத்தே வாழத் தலைப்பட்டன.

கோவிலா, குடியா?

இவ்விடத்தில் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை ஒப்புநோக்குதல் பயன் தரும். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோவிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவிலும் குண்டுகளாற் சிதைந்தன. பூசையில் நின்றவர்கள் பூசையிலேயே மாண்டனர். கோவிலுக்குத் திரும்புவதற்கே நெஞ்சுரம் வேண்டியிருந்த நாட்கள் அவை. ஆயினும் கொச்சிக்கடைக் கோவில் அவ்வாண்டு யூன் 12ஆந் திகதியும், கட்டுவாப்பிட்டிக் கோவில் யூலை 21ஆந் திகதியும் மீளத் திறக்கப்பட்டன. மூன்று மாதங்களுக்குள் இது கைகூடியது எப்படி? விசுவாசம் பெரிது, கைகளும் பல உதவின. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. அங்கே கோவில் சிதைந்தது. கோவிலைச் சுற்றியிருந்த குடிகள் கலையவில்லை. துக்கம் கொண்டாட அடுத்த வீடு இருந்தது.

இரணைதீவில் நிலைமை நேர்மாறு. சேதமுற்றபோதிலும் கோவிலின் சுவர்கள் நின்றன. சுற்றியிருந்த வீடுகள் பாழாயின. மயிலிட்டியிலும் அவ்வாறே குடியே முதலிற் கலைந்தது. 1990 யூனில் வெளியேறிய அவ்வூர் மக்களுக்கு 2017 யூலை 3ஆந் திகதிதான் துறைமுகமும் அதை ஒட்டிய ஒரு பகுதி நிலமும் கிடைத்தன. கோவிலைக் கட்டப் பணம் வேண்டும்; அது கடல் கடந்தும் வரும். குடியைக் கட்ட ஆண்டுகள் வேண்டும். அவற்றை எவரும் அனுப்பிவைக்க முடியாது.

நமது சரித்திரத்தில் இதற்கொரு மறுபக்கமும் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்கள் இல்லாமற் போயினர். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் வேடம் மாறி வந்து சேர்ந்தபோது, இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னும் சில்லாலை போன்ற ஊர்களிற் பங்கு உயிரோடு இருக்கக் கண்டார். வீடுகளுள் செபம் ஒலித்தது. அவர் அத்தகைய ஊர்களில் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்துக் குரு வராத நாட்களிலும் வழிபாடு நடக்கச் செய்தார். 2015இற் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாடு கொண்டாடியது. அக்காலத்திற் கோவிலும் குருவும் இன்றிச் சமூகம் இருந்தது. இக்காலத்திற் கோவிலும் குருவும் இருக்கச் சமூகம் சிதறிக் கிடக்கிறது. இரண்டிற் பின்னதே கடினமான நோய்.

திருநாளும் மற்றை நாட்களும்

விடுவிக்கப்பட்ட ஊர்களில் முதலில் மீளுவது திருநாள். கொடி ஏறுகிறது, வெளிநாட்டிலிருந்தும் உறவினர் வருகின்றனர், சுருவம் சுற்றி வருகிறது. மறுநாட் காலை ஊர் மீண்டும் மௌனமாகிறது. இத்திருநாட்களைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. திரும்பும் எண்ணத்தை உயிரோடு வைத்திருப்பவை அவைதாம். சட்டம் கேட்பதும் அவ்வெண்ணத்தையே. எனினும் ஆண்டுக்கொருமுறை கூடும் இடம் யாத்திரைத் தலமாகலாம், பங்காகாது. பங்கு என்பது கிழமை நாளிற் பூசைக்கு வரும் நான்கு முதியோரும், நோயாளிக்கு நன்மை கொண்டுபோகக் குருவானவரை அழைக்க ஓடும் பையனும், சேமக்காலையிற் புல் வெட்டும் கைகளுமாகும்.

குடியிருப்போர் குறைந்த இடம் வெளியாருக்கு வெற்றிடமாகவே தோன்றும் என்பதற்கும் இரணைதீவே சாட்சி. கொவிட் நோயால் மாண்டோரை அடக்கஞ் செய்வதற்கான இடமாக 2021 மார்ச்சில் அரசாங்கம் அத்தீவை அறிவித்தபோது, மக்கள்தொகை குறைவு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. கட்டாயத் தகனத்தால் முஸ்லிம் மக்கள் பட்ட வேதனை நியாயமான வேதனை. அடக்கம் செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தேயாக வேண்டியிருந்தது. ஆனால் அவர்களையோ தீவு மக்களையோ கேளாமல் எடுத்த முடிவு அது. மக்களும் குருக்களும் எதிர்த்தனர். ஈற்றில் அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. தொகை குறைந்ததேன் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

செய்யத்தக்கது யாது?

அரசு செய்யவேண்டியது வெளிப்படை: காணியுரிமை, குடிநீர், இறங்குதுறை, மருந்து, பள்ளிக்கூடம். இவையின்றி ‘மீள்குடியேற்றம்’ என்பது அறிக்கையில் மட்டுமே வாழும் சொல். திருச்சபை செய்யவேண்டியது அதனினும் நுட்பமானது. போனவரை வீரர் என்றும் தங்கியவரைக் கைவிட்டவர் என்றும் பிரித்தலாகாது. இருபத்தாறு ஆண்டுகள் அடைக்கலம் தந்த பெருநிலத்துப் பங்கும் ஒரு தாய்தான். கட்டடத்துக்குத் திரளும் பணத்தில் ஒரு பகுதி, பிள்ளைகளுடன் போய்த் தங்கத் துணியும் இளங் குடும்பங்களைத் தாங்குவதற்குச் செல்லுமாயின், மணிக்கூண்டு சிறிது காலம் பொறுத்திருக்கலாம்.

திரும்புதல் நிறைவெய்தும் நாளை எப்படி அறிவது? திருநாட் கூட்டத்தை எண்ணி அறிய முடியாது. தீவிலேயே வீடு வைத்து வாழும் இளம் பெற்றோர், ஓர் ஆரவாரமும் இல்லாத சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், தம் பிள்ளைக்கு அந்தக் கோவிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்துப் பதிவேட்டிற் பெயர் எழுதுவிக்கும் வழக்கம் நிலைக்க வேண்டும். அப்போதுதான் மூத்தோர் திரும்பியவராவர், இளையோர் சேர்ந்தவராவர்.