முதல்ல வயரைச் சுரண்டிப் பாருங்க

ராத்திரி ஹாஸ்டல் வைஃபை விட்டு விட்டு ரீஸ்டார்ட் ஆகுதா? உடனே "ஆக்சஸ் பாயிண்ட் போச்சு, புதுசு வாங்கணும்"னு முடிவு கட்டாதீங்க. டேட்டாவோட கரண்டும் அந்த ஒரே ஈதர்நெட் கேபிள்லதான் போகுது.

2003-ல் வந்த ஐஇஇஇ 802.3ஏஎஃப் விதிப்படி, ஸ்விட்ச் போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். 100 மீட்டர் தள்ளியிருக்கிற சாதனத்துக்கு 12.95 வாட்தான் உறுதி. மிச்சம் வயர்லயே சூடாப் போயிடும். இது செம்புக் கம்பிக்கான கணக்கு. விலை குறைவுன்னு செம்பு முலாம் பூசின அலுமினியக் கேபிள் போட்டா, மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. புதுக்கோட்டை வெயில்ல மொட்டை மாடியில கிடந்தா இன்னும் ஏறும். எல்லாரும் ஒரே நேரத்துல கனெக்ட் ஆனா ஆக்சஸ் பாயிண்ட் கூடுதல் கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் இறங்கும், ரீஸ்டார்ட்!

அதே ஆக்சஸ் பாயிண்டை அதே போர்ட்ல, நல்ல சின்னக் கேபிள்ல மாட்டுங்க. பத்துப் பேர் சேர்ந்து வீடியோ ஓட விடுங்க. விழாம நின்னா, கோளாறு பழைய கேபிள்லதான். அதோட முனையில ஒரு கம்பியைச் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம்.

இனி வாங்கும்போது கொட்டேஷன்லயே 'முழுச் செம்பு'ன்னு எழுதச் சொல்லிக் கேளுங்க. காசு நம்ம ஃபீஸ்தானே!