நானுஓயாவின் நடுவே ஓர் ஓகாரம்

நானுஓயா என்ற பெயரை இலக்கணம் கற்றவர் சற்றே முகம் சுளித்துத்தான் வாசிப்பர். அளபெடை தவிர, சொல்லின் நடுவே உயிரெழுத்துத் தனித்து நிற்பது தமிழ் மரபன்று. உகரத்தின் பின் உயிர் வந்தால் வகரம் தோன்றும் என்கிறது நன்னூல். அதன்படி ‘நானுவோயா’ என்றே எழுதவேண்டும். இளம் செய்தியாளனாக இருந்தபோது நானும் அவ்வாறு திருத்தியவன்தான். அது தவறு என்றே இப்போது கருதுகிறேன்.

ஓயா என்பது ஆற்றைக் குறிக்கும் சிங்களச் சொல். (ஓயாமல் ஓடுவதால் ஓயா என்று தமிழ்க் காதுக்குத் தோன்றலாம், அழகான கற்பனை, அவ்வளவே.) 1885இல் ரயில் பாதை எட்டிய நானுஓயாதான் நுவரெலியாவுக்கு உரிய நிலையம். அந்த நுவரெலியாவும் நுவர, எளிய என்னும் இரு சொற்களின் கூட்டே. அதில் பொருத்துவாய் மறைந்துவிட்டது. 1949இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தால் அறியப்பட்ட ‘கல் ஓயா’வை நாம் கல்லோயா ஆக்கினோம். கல் இரு மொழிக்கும் பொதுவாதலால் அங்கே தமிழ்ப் புணர்ச்சி உறுத்தவில்லை. நானுஓயா மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது.

1658 முதல் 1796 வரை நம் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் கூட்டுச்சொல் மிகுதி. வரியிறுதியில் அதை முறிக்க நேர்ந்தால் பொருத்துவாயில்தான் முறிப்பார்கள். ‘க்வார்ட்ஸ்லாகன்’ என்பதை ‘க்வார்ட்’ என்று பிரித்தால் கால்வட்டத் திருப்பங்கள். ‘க்வார்ட்ஸ்’ என்று பிரித்தால் படிகக்கல் அடுக்குகள். பேச்சிலோ, பெரும்பாலும் முதற்சொல்லின் மீது விழும் அழுத்தம் இது கூட்டுச்சொல் என்று காட்டிவிடும். அவர்கள் விட்டுச்சென்ற கக்கூசும் கூட்டுச்சொல்தான்; அதன் பொருத்துவாயை நாம் மறந்ததில் நட்டமில்லை.

தமிழில் அழுத்தம் இந்த வேலையைச் செய்வதில்லை. பத்திரிகையின் ஒடுங்கிய பத்தியிலோ இணைகோடும் இன்றி எந்த எழுத்திலும் சொல்லை முறிக்கிறோம். ‘நானுவோ’ ஒரு வரியிலும் ‘யா’ மறுவரியிலும் விழுந்தால், அதில் ஓர் ஆறு இருப்பது யாருக்குத் தெரியும்? வேகமாகப் பேசுகையில் வகரம் தானே வந்து ஒட்டிக்கொள்ளட்டும். எழுத்தில் அந்த ஓகாரம் தனித்தே நிற்கட்டும். பக்கம் வடிவமைப்போர் முறித்தே ஆகவேண்டுமென்றால், நானு என்பதற்குப் பின் முறிக்கலாம்.