கண்டிப்புக்கு ஃபீஸ் கட்டுகிறோம், கை வேலை எங்கே?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், ஆண்டகளூர் கேட் பக்கம் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வகை விளம்பரப் பலகைகள் மாறி மாறித் தெரியும். ஒன்று கோழித் தீவனம், இன்னொன்று பள்ளிக்கூடம். இந்த வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் ஸ்கூல்’ என்று யார் முதலில் பெயர் வைத்தார்களோ, அவருக்குப் பெரிய கற்பனை எதுவும் தேவைப்பட்டிருக்காது. சேர்க்கைக்கு வரும் பெற்றோர், சாப்பாடு எப்படி, மைதானம் உண்டா என்று விசாரிப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: “ஸ்கூல் ஸ்ட்ரிக்ட்டுங்களா?”

ஆமாம் என்ற பதிலுக்குத்தான் விலை.

இந்த வியாபாரம் வளர்ந்த கதை பழையதல்ல. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007-08 சேர்க்கையோடு இல்லாமல் போனது. பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே பொறியியல், மருத்துவ இடங்களைத் தீர்மானித்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைக்கும் முறை அப்போது கொடிகட்டிப் பறந்தது. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்தத் தேர்வும் 2025-26-லிருந்து கிடையாது. இதற்கிடையே நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டம் மாற மாறப் பலகையில் இருக்கும் படமும் எண்ணும் மாறின. விடியுமுன் எழுப்பி, இரவு படிப்பு முடிந்த பிறகே படுக்க விடும் அட்டவணை மட்டும் மாறவில்லை.

கண்டிப்பு என்று பார்த்தால், நாமக்கல்லை ஓரம் கட்டக்கூடிய வளாகங்கள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கொங்கு மண்ணிலேயே பிறந்தது. 1915-ல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் அது பெங்களூருக்குப் போனது, 1942-ல் புனேவுக்கு. இன்று ஸ்பைசர் என்ற பெயரில் பல்கலைக்கழகமாக இருப்பது அதுதான். அட்வென்டிஸ்ட் ஒழுங்கு லேசானதல்ல. மது, புகையிலை கூடாது என்பதோடு டீ, காபியையும் அந்தச் சபை விலக்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் சனிக்கிழமை சூரியன் மறையும் வரை ஓய்வு நாள். ஆனால் கூடவே இன்னொரு விதியும் உண்டு: படிக்கிறவர் உடம்பால் உழைக்கவும் வேண்டும். ஸ்பைசர் பேக்கரியின் ரொட்டியைப் புனேக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வளாகத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியும் நடக்கிறது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸ் இன்னும் கறார். 1906-ல் ஒரு பிரெஸ்பிட்டேரியன் ஊழியர் ஏழை மலைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. உடையிலிருந்து விடுதி வாழ்க்கை வரை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தேசிய கீதத்தின்போது மண்டியிடும் அணிகளோடு விளையாட மாட்டோம் என்று 2017-ல் அறிவித்த கல்லூரி இது. விடுதி ஒதுக்கீட்டில் பாலின அடையாளம் தொடர்பான அரசு உத்தரவை எதிர்த்து 2021-ல் வழக்குப் போட்டுத் தோற்றும் இருக்கிறது. கருத்து மாறுபடுகிற மாணவருக்கு அங்கே மூச்சு முட்டும் என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் மாணவர் ஒவ்வொருவரும் வாரம் 15 மணி நேரம் வேலை செய்கிறார். அதற்கு மேல் 40 மணி நேர வேலை வாரங்களும் உண்டு. பழக்கேக் சுடுவது, மாடு பார்ப்பது, மாவு மில்லை ஓட்டுவது என்று எந்த வேலையாகவும் இருக்கலாம். அந்த உழைப்பு படிப்புக் கட்டணத்துக்கு ஈடாகிறது. கடனில்லாமல் பட்டம் வாங்கி வெளியே போவது அந்தக் கல்லூரி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம்.

வித்தியாசம் இங்கேதான். அங்கே கண்டிப்போடு வேலையும் தருகிறார்கள், அந்த வேலை கட்டணத்தைக் கழிக்கிறது. இங்கே கண்டிப்புக்கே கட்டணம். வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பதினேழு வயதுப் பையன் தன் சட்டையைத் தானே துவைக்கும் அரை மணி நேரம்கூடப் ‘படிப்பு நேரம் வீணாகிறது’ என்று கணக்கெழுதப்படுகிறது.

உழைப்பு இருந்தால் அதிகாரமும் கூடவே வந்தாக வேண்டும் என்பதில்லை. கென்டக்கி மாநிலத்து பெரீயா கல்லூரியும் கிறிஸ்தவக் கல்லூரிதான். 1855-ல் அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் தொடங்கியது. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்காரக் கூடாது என்று 1904-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. பெரீயா உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-ல் தோற்றது. 1892 முதல் அங்கே படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. துடைப்பம் கட்டுவது, தறி நெய்வது, தோட்டம், அலுவலகம் என்று போகும் வேலைப் பட்டியலில் ஒன்று வளாகத்து மழலையர் பள்ளி. கல்லூரி மாணவர்கள் அங்கே சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறார்கள்.

பெரியவர்களுக்கு நேரக் கணக்கும் வேலைப் பதிவேடும் உள்ள அதே வளாகத்தில், மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் இல்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்குகிறது, இடிக்கிறது. இருபது வயதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். கல்லூரிக்குச் செல்லுபடியாகும் கண்டிப்பு மழலைக்குச் செல்லாது என்பதை அந்த நிர்வாகமே ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது அந்த ஏற்பாடு. பதினெட்டு வயதானவர் விதிகளைப் படித்துப் பார்த்து, சம்மதித்து, கையெழுத்துப் போட்டுச் சேர்கிறார். பிடிக்கவில்லையென்றால் வெளியேறலாம். மூன்று வயதுக்காரர் எங்கே கையெழுத்துப் போட்டார்?

மழலையர் கல்விக்குத் தனி முறை வகுத்த மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பு. போர் வந்ததால் இத்தாலியரான அவரால் திரும்பிப் போக முடியவில்லை. சில மாதப் பயணம் 1946 வரை நீண்டது. அவருடைய முறையில் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது எழுத்து அல்ல, வீட்டு வேலை. சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, பித்தான் போடுவது, சிந்தியதைத் துடைப்பது. நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கீரை ஆய உட்காரும்போது பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்தவர்கள்தானே அவர்கள்.

இப்போது சேலம், நாமக்கல் பக்கத்து எல்கேஜி வகுப்புகளை எட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, நல்ல வகுப்புகளும் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் மூன்றரை வயதுப் பிள்ளையின் பையில் நாலு கோடு நோட்டு இருக்கிறது. பென்சிலை உள்ளங்கையில் குத்துவதுபோல் பிடித்து, நாக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு, ‘b’ எழுத வேண்டிய இடத்தில் ‘d’ எழுதி, ரப்பரால் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா அதே பக்கத்தை மறுபடி எழுதச் சொல்கிறாள். மேலே பிளஸ் டூ வகுப்பில் நடப்பதன் சின்னப் பிரதிதான் இது. ஒரே தாளாளர், ஒரே வளாகம், ஒரே கண்டிப்பு. பெரிய வகுப்புக்கு விளம்பரம் செய்யும் அதே வாய் மழலை வகுப்புக்கும் ‘இப்போதே அஸ்திவாரம்’ என்கிறது.

அரசு தரப்பில் 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அங்கன்வாடிக்கும் தனியார் எல்கேஜிக்கும் இடையே ஒரு பெற்றோர் தேர்ந்தெடுக்கும்போது, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைதான் ‘படிக்கிற பிள்ளை’யாகத் தெரிகிறது.

மரத்தில் ஏறிப் படித்த ஒரு பிள்ளையின் கதை நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. சேந்தமங்கலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அங்கே 1914-ல் பால் பிராண்ட் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற கறாரான சபையின் ஊழியர். பிரசங்கத்தோடு மருந்தும் கொடுத்தார், பள்ளிகளும் வைத்தார், மலைப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தார். அம்மா எவலின்தான் பாலுக்கு முதல் டீச்சர். நாற்காலியில் உட்கார மறுத்த மகனை மரத்தில் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட விட்டிருக்கிறார். போட்டு முடித்ததைக் கீழே போட்டால் அம்மா திருத்துவார். ஒன்பது வயதில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா இங்கே மலைக்காய்ச்சலில் இறந்துபோனார்.

பால் பிராண்ட் முதலில் படித்தது மருத்துவம் அல்ல. தச்சு, கொத்து வேலை என்று கட்டடத் தொழிலைப் பல வருடம் கற்றார். அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அதுவரை அந்தக் கைகளைத் தொடவே பல மருத்துவர்கள் தயங்கினார்கள். பிறகுதான் எதிர்பாராத சிக்கல் வந்தது. கை சரியான நோயாளிக்குப் பிச்சை விழவில்லை, வேலை தரவும் யாரும் இல்லை. அதனால் வேலூர் வளாகத்திலேயே ஒரு மறுவாழ்வு மையம் வைத்து, குணமானவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். கருவியைப் பிடிக்கத் தெரிந்த டாக்டர் என்பதால் அவர்களோடு பட்டறையில் நிற்கவும் அவரால் முடிந்தது.

இன்றைய நாமக்கல் கணக்குப்படி பார்த்தால், பால் பிராண்ட் வீணடித்த வருடங்கள் எத்தனை!

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘படிக்கிற பிள்ளைக்கு வேலையா? குலக்கல்வியைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறீர்களா?’ இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது, அதுவும் இந்த மண்ணில். 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர் ராஜாஜி. கதர், மதுவிலக்கு, தாழ்த்தப்பட்டவரோடு சேர்ந்து வாழ்வது என்று அங்கே கடும் ஒழுங்கு. அதே ராஜாஜி முதலமைச்சராக 1953-ல் கொண்டுவந்த, ‘குலக்கல்வி’ என்று பெயர் வாங்கிய திட்டம் கிராமப் பிள்ளைகளைப் பாதி நாள் பள்ளிக்கும், மீதி நேரம் அப்பாவின் தொழிலுக்கும் அனுப்பியது. சலவைத் தொழிலாளியின் மகன் எதைக் கற்பான், வக்கீலின் மகன் எதைக் கற்பான் என்று பெரியார் கேட்டார். திட்டம் நிற்கவில்லை. ராஜாஜி விலகினார், 1954-ல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆறாமல் இருக்கவும் காரணம் உண்டு. 2022-ல் பெருந்துறைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த தலைமை ஆசிரியை கைதானார். பள்ளியில் வேலை என்றதும் அந்த வேலை யார் தலையில் விழும் என்று பெற்றோர் பயப்படுவது அனுபவத்தில் வந்த பயம்.

ஆனால் பெரீயா கல்லூரியின் ஏற்பாடும் குலக்கல்வியும் ஒன்றல்ல. பிறப்பைப் பார்த்து வேலையைத் தந்தது குலக்கல்வி. யார் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோருக்கும் தருவது மற்றது. ஒரே வகுப்பில் லாரி அதிபர் மகனும், ஜவ்வரிசி மில் கூலியின் மகளும், சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலாளியின் மகனும் இருந்தால், பாத்திரம் தேய்க்கும் முறை அகர வரிசைப்படி வர வேண்டும். கழிவறை என்றால் விடுதிக் காப்பாளரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அது முடியாது என்றால் அந்த வேலையைப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் தன் தட்டு, தன் துணி, தன் படுக்கைக்கு மேல் எதுவும் கூடாது.

பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் பொறியில் நிற்கும் ஒருவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக் கணக்கில் வட மாநிலங்களில் கிடக்கும் ஒருவர், “எங்க கஷ்டம் புள்ளைக்கு வேண்டாமுங்க” என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? ஆனால் லாரித் தொழிலும் ரிக் தொழிலும் இந்த வறண்ட பூமியை நிமிர்த்தியது கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ததால்தான். பட்டறையில் சேஸிஸைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் மேஸ்திரியின் அறிவை, அவருடைய மகன் படிக்கும் பள்ளி அறிவாகவே எண்ணுவதில்லை. மகனையும் அப்படி எண்ண விடுவதில்லை.

அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கப் போகும் பெற்றோர், ‘ஸ்ட்ரிக்ட்டுங்களா’ என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். இங்கே எல்கேஜி பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு உண்டா? பிளஸ் டூ பிள்ளை தன் தட்டைத் தானே கழுவுமா? முதல் கேள்விக்கு ‘உண்டு’ என்றும், இரண்டாவதற்கு ‘அதெல்லாம் ஆயா பார்த்துக்குவாங்க’ என்றும் பதில் வந்தால், விண்ணப்பப் படிவத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.